கெட்டி மேளத்துக்கு முன்னால்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

படம் வருகிறது. சத்தம் வரவில்லை.

வேலையிடத்து மொனிட்டரில் கணீரென்று கேட்டது. அதே பெட்டியை அதே வயரோடு மடியில் வைத்து, ஆட்டோவில் குலுங்கக் குலுங்க வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் டீவியில் குத்தினால் ஊமை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார். வீட்டில் கேட்பது ஃபேன் சத்தம் மட்டும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், இவ்வளவு ஊதியும் ஒண்ணும் வரலயே" என்றார்.

சாயந்தரம் கண்டி ரயிலில் வந்திறங்கிய தங்கச்சி கிருஷாந்தினிக்கு வேறு கவலை. மாப்பிள்ளை வீட்டில் "அக்கா என்ன வேலை?" என்று கேட்டார்களாம், என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்தாளாம். கல்யாண மண்டபத்தில் மேல்மாடியில் நடப்பதைக் கீழே பந்தியில் இருப்பவர்களுக்கு டீவியில் காட்டும் பெட்டி செய்கிறாள் என்று சொல் என்றேன். "அதைக் கடையில வாங்க முடியாதா?" என்று கேட்டார்களாம். முடியும். ஆனால் கடையில் வாங்குவது மூன்று கமராவையும் கலந்து, மணமக்கள் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காகப் போட்டு, மைக் சத்தத்தையும் சேர்த்து ஒரே வயரில் அனுப்பாது. எங்களுடையது அனுப்பும். அனுப்ப வேண்டும். இன்றைக்கு அனுப்பவில்லை.

உள்ளே இருப்பது எஃப்பிஜிஏ சிப். வாங்கும்போது அதற்கு ஒரு வேலையும் தெரியாது. கமராவைப் படி, எழுத்தைப் போடு, சத்தத்தைச் சேர் என்று ஒவ்வொன்றையும் நாம்தான் எழுதி ஏற்ற வேண்டும். வசதி என்னவென்றால் நினைத்த எதையும் செய்ய வைக்கலாம். வசதியின்மை என்னவென்றால் பழி போட வேறு ஆள் கிடையாது.

ஆகஸ்ட் 6, புதன்

டீவியைத் தட்டிப் பார்த்தேன். படித்த பிள்ளை செய்கிற காரியமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா, பௌர்ணமி விடுமுறை

ஊரே மூடியிருக்கிறது. திருகோணமலை வீதியில், துணிக்கடைக்கு மேலே இருக்கிற எங்கள் அறைக்கு நானும் பிரணவனும் மட்டும் ஏறிப் போனோம். நிறுவனம் என்று அட்டையில் போட்டிருக்கிறோம். நிறுவனம் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

காலை முழுவதும் டீவியைத் திட்டினேன். பிரணவன் யாழ்ப்பாணத்துப் பொறுமையோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உது டீவியின்ர பிழை இல்லை ரூபி, எங்கட பிழை. எங்கை எண்டுதான் தெரியேல்லை" என்றான். எரிச்சலாக இருந்தாலும் உண்மை.

மத்தியானத்துக்குப் பிறகு பிழையைப் பிடித்தோம். சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் படத்தோடு அனுப்புகிறோம். ஒவ்வொன்றிலும் இது என்ன வேகத்தில் பதிந்த சத்தம் என்று ஒரு முத்திரை குத்த வேண்டும். நான் பழைய வேலை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட முத்திரை வேறு வேகத்தைச் சொல்கிறது. மொனிட்டர் நல்ல பிள்ளை, முத்திரையைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டு டீவி அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் மாதிரி, தாளும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டது.

மாற்றினோம். வீட்டுக்கு வந்து குத்தினேன். நாதஸ்வரம்! அம்மா அடுப்படியிலிருந்து, "சத்தத்தைக் கொற புள்ள, பக்கத்து வீட்டுல நம்ம வீட்டுல இன்னைக்கே கல்யாணம்னு நெனைக்கப் போறாங்க" என்றார். ஆடி மாதத்தில் யார் நினைப்பார்கள்? ஆனால் குறைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பலாபத்வல மண்டபத்துக்குப் போனோம். ஆடி முடியும்வரை கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆடிதான் முகூர்த்த மாதம். மேலே மணவறை, கீழே பந்தி, நடுவில் செங்குத்தாக ஒரு மாடிப்படி. கீழே இருப்பவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே ஓடி, தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இலையைக் காணோம். இதுதான் மண்டபத்துக்காரர் இராசமாணிக்கம் ஐயாவின் நெடுநாள் தலைவலி. அதனால்தான் எங்கள் பெட்டி. முதல் கல்யாணம் எங்கள் கிருஷாந்தினியுடையதே ஆகட்டும் என்று அவரே சொன்னார். "சொந்த வீட்டுக் கலியாணத்துல பிசகு விடமாட்டீங்கதானே" என்று ஒரு சிரிப்பும். விவரமான மனுஷன்.

டீவிகள் எங்கள் வீட்டில் இருக்கும் அதே வகை. படம் வந்தது, சத்தமும் வந்தது. ஆனால் நடுநடுவே 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்'. சோற்றில் கல் கடிபடுவது போல. பிரணவன் முகத்தைச் சுளித்தான். எனக்கும் பல் கூசியது.

இதைவிடப் பெரிய கல் வீட்டில்.

சின்னப்பிள்ளை அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. யார் எங்கே நிற்பது என்று பேச்சு. அப்பா இல்லை, ஆகவே தாரை வார்த்துக் கொடுப்பது சித்தப்பாவும் சித்தியும். சரி. அப்புறம் அம்மா வெகு சாதாரணமாக, "தாலி கட்டுற நேரம் நான் கீழ பந்தியப் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அத்தையைப் பார்த்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லையே. எங்கள் ஆட்களில் புருஷன் போன அம்மா தாலி கட்டும் நேரத்தில் மணவறைப் பக்கம் நிற்பதில்லை. தானாகவே ஒதுங்கிவிடுவார், மற்றவர்கள் கவனிக்காதது போல இருப்பார்கள்.

"ஏம்மா?" என்றேன்.

"கீழயும் ஆள் வேணும்ல. அதான் டீவி இருக்கே. எம்மக செஞ்ச டீவி" என்றார். பெருமையாக வேறு சொன்னார்!

ஆகஸ்ட் 13, புதன்

கிருஷாந்தினியிடம் சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "ம்" என்றாள். ம்? அவ்வளவுதானா? சீலைக்கு பிளவுஸ் கலர் பொருந்தவில்லை என்று மட்டும் அரைமணி நேரம் அழத் தெரிகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

'டிக்' ஒழிந்தது.

படத்துக்கு ஒரு கடிகாரம், சத்தத்துக்கு ஒரு கடிகாரம். இரண்டுக்கும் என்ன விகிதம் என்று டீவிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கும் எண்ணை நான் அப்படியே எழுதியிருந்தேன். எங்கள் சிப்பின் கடிகாரம் புத்தகத்துக் கடிகாரம் அல்ல, ஒரு மயிரிழை வேகம் கூட. அந்த மயிரிழை சேர்ந்து சேர்ந்து, டீவியின் கையிருப்பில் சத்தம் தீர்ந்துபோகும்போதெல்லாம் ஒரு 'டிக்'. இப்போது சிப்பே அளந்து சொல்லும்படி மாற்றிவிட்டோம். ஒரு மாற்றம் செய்து மறுபடி ஏற்றுவதற்குள் சோறு வடித்து, ரசம் வைத்து, தலையும் காய வைத்துவிடலாம். எல்லாம் செய்தேன்.

இன்னொன்று. மண்டபத்து ஃபேன் இரைச்சல் மைக்கில் ஏறி, யாரும் பேசாத நேரத்தில் டீவியில் 'ம்ம்ம்' என்று ஓடுகிறது. அதற்கும் ஒரு மருந்து எழுதினேன். யாரும் பேசவில்லையா, வாயை மூடு. நாலே வரி. அழகான நாலு வரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. மண்டபத்தில் சுண்ணாம்பு வாசனை. முழுச் சோதனை. மேளக் கச்சேரி ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டோம், ஒரு பிசகும் இல்லை. இராசமாணிக்கம் ஐயாவுக்குத் தன் குரலைக் கேட்க ஆசை. மேலே போய் மைக்கைப் பிடித்தார். கீழே நாங்கள் கேட்டது: "ஹலோ."

இறங்கி வந்து, "ஹலோ ஹலோ ஹலோன்னு மூணு தரம் சொன்னேனே, கேட்டுச்சா?" என்றார்.

"டீவிக்கு ஒண்டே போதும் போல" என்றான் பிரணவன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் மற்றது.

பெட்டி வீட்டு மேசையில். மைக் ஒன்று பக்கத்தில், வயர் டீவிக்கு. நாங்கள் பேசுவதெல்லாம் டீவியிலும் கேட்கும், அது எங்களுக்குப் பழகிவிட்டது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"யாருக்குப் பயந்து கீழ ஒக்காரப் போறீங்க?"

"பயமெல்லாம் இல்ல. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலவலி வந்தாக்கூட, அன்னைக்கு இவ நின்னா, அதான்னு சொல்லுவாங்க. எனக்கெதுக்கு அந்தப் பேச்சு?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க!"

"உனக்கென்ன, நீ சொல்லுவ. கேக்கப் போறது நானு."

அதோடு கத்திவிட்டேன். அப்பா இருந்தா இப்பிடி விடுவாரா, நீங்க என்ன பாவம் பண்ணீங்க, வளத்தது நீங்க, படிக்க வச்சது நீங்க, கடைசில சாம்பாருக்குக் காவலா? — இன்னும் என்னென்னவோ. டீவியும் என்னோடு சேர்ந்து கத்தியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கீரையை ஆய்ந்தார். நானும் நிறுத்தினேன். அப்படியே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் அம்மா, "சோறு போடவா?" என்றார்.

டீவி, "...டவா?" என்றது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு வைத்திருக்கிறோம், சத்தப் பொட்டலம் போகும்போதெல்லாம் எரியும். அம்மா பேசியதில் அது எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்தது. நாங்கள் சும்மா இருந்தோம், அதுவும் சும்மா இருந்தது.

"அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"...னத்த?" என்றது டீவி.

பிழை பிடிபட்ட சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோபம் தீரவில்லை, அது வேறு கணக்கு. அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "இவ்வளவு நேரம் கத்துன, இப்ப என்னடி?" என்றார். கீரை மேசையெல்லாம் சிந்திவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

என் அழகான நாலு வரிதான் குற்றவாளி.

யாரும் பேசாதபோது இரைச்சலை வெட்டு என்று எழுதப் போய், பொட்டலத்தையே நிறுத்திவிட்டேன். அமைதி என்றால் அனுப்ப ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். டீவிக்கு அப்படி இல்லை. அமைதியையும் அமைதி என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து அது கதவைச் சாத்திவிடும். மறுபடி சத்தம் வரும்போது எழுந்து, யாரது என்று பார்த்து, திறப்பதற்குள் முதல் வார்த்தை போயே போய்விடும். இராசமாணிக்கம் ஐயாவின் இரண்டு ஹலோவும் அப்படித்தான் போயின. நாங்கள் மேளக் கச்சேரியைப் போட்டுப் போட்டே சோதித்தோம். தவில் எங்கே மூச்சு விடுகிறது? கல்யாணத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளும் ஒரே நேரம் கெட்டி மேளத்துக்கு முன்னால் வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இப்போது ஒரு கெட்ட புத்தி. எழுதித் தொலைக்கிறேன்.

சரிசெய்யாமல் விட்டால் என்ன? கீழே ஒழுங்காகக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னால்? டீவி இருக்கிறது, டீவி இருக்கிறது என்கிறாரே, அந்தச் சாக்குப்போக்கை நான் ஏன் செய்து கொடுக்க வேண்டும்? என் கையாலேயே அம்மாவைக் கீழே உட்கார வைக்கிறேனா?

பிரணவன் ஊருக்குப் போயிருக்கிறான். போன் எடுத்துச் சொன்னேன், கெட்ட புத்தியையும் சேர்த்து. முழுவதையும் கேட்டான். அப்புறம், "தெரிஞ்ச பிழையோட பெட்டியைக் குடுக்கேலாது. அது ஒண்டு. மற்றது, சத்தம் வராட்டி அம்மா மேல வருவா எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்றான்.

யாரும் சொல்லவில்லை. சத்தமில்லாத படத்தையும் பார்த்துக்கொண்டு அம்மா கீழேயேதான் இருப்பார். எனக்கே தெரியும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சரிசெய்தாயிற்று. இப்போது அமைதியும் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பச்சை விளக்கு அணைவதே இல்லை. அம்மாவை இருமச் சொன்னேன், முழு இருமல் வந்தது.

"இனி தெளிவா கேக்கும்" என்றேன். "சந்தோசம்" என்றார். எனக்குச் சந்தோஷமில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மருதாணிக் கையால் எழுதுகிறேன். நாளைக்கு விடிந்தால் கல்யாணம்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுத முடியவில்லை. கால் வீக்கம், தொண்டை கட்டிப்போச்சு.

காலை முகூர்த்தம். நான் மணவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, புதுச் சீலை, தலையில் பூ, பூவுக்கு மேலே ஹெட்போன் என்ற கோலத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து, இதுதானா அக்காவின் வேலை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிரணவன் வேட்டி கட்டிக்கொண்டு கீழே டீவிகளுக்குப் பொறுப்பு. பந்திக்கும் பக்கத்தில் இருக்கலாம் என்று அவன் கணக்கு.

அம்மா எட்டு வேலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் ஓடினார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குக் கிளம்பிய நேரம் பார்த்தேன், ஆளைக் காணோம். தட்டு எல்லோர் கைக்கும் போனது. யாரென்றே தெரியாத ஒரு மாமாகூடத் தொட்டுக் கும்பிட்டார். தட்டு கீழே மட்டும் போகவில்லை. கமராவை மாற்றுவதற்குப் பதில் மாப்பிள்ளை பெயரை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை உதயராஜ் தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் மேளக்காரரைப் பார்த்தார். தவில்காரர் குச்சியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார். மண்டபம் கப்சிப்.

அப்போது கிருஷாந்தினி, "கொஞ்சம் பொறுங்க ஐயரே" என்று கையைக் காட்டினாள். ஹெட்போன் போட்டிருந்ததால் எனக்கே லேசாகத்தான் கேட்டது. ஐயரும் மாப்பிள்ளையும் அவளையே பார்த்தார்கள். அவள் மெதுவாக ஐயரின் மைக் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா."

அவ்வளவுதான் முதலில். அப்புறம்: "அம்மா, மேல வாங்க. நீங்க வந்தப்புறம் கட்டட்டும்."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, கள்ளி! அந்த 'ம்'முக்கு இதுதானா அர்த்தம்?

உதயராஜ் தாலியோடு அப்படியே கையை இறக்கி, "வரட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஆயுள் முழுவதும் டீவி பழுது பார்த்துக் கொடுப்பேன். பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோர் கண்ணும் சின்னப்பிள்ளை அத்தை மேல். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய ஏன் பாக்குறீங்க? நானா வேணாம்னேன்? நல்ல நேரம் போகுது, யாராச்சும் போய் கூட்டிட்டு வாங்க!"

யாரும் போகத் தேவைப்படவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கீழே நடந்ததைப் பிரணவன் பிறகு சொன்னான். "முதல் 'அம்மா'வே முழுசா விழுந்தது ரூபி, ஒரு எழுத்துக் குறையேல்லை. நாலு டீவியிலும். அங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாமார் எல்லாரும் நிமிர்ந்தவை. உங்கட அம்மா என்ன செய்தவா தெரியுமோ? டீவியைப் பார்த்து, 'இந்தா வர்றேன்' எண்டவா."

டீவிக்குப் பதில் சொல்லியிருக்கிறார்!

அம்மா வந்து கிருஷாந்தினிக்குப் பின்னால் நின்றார். கெட்டி மேளம். நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். ஹெட்போனுக்குள் தவில் இடித்துக்கொண்டிருந்தது. கமரா எதிலே நின்றது என்று இராசமாணிக்கம் ஐயாவைத்தான் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

போட்டோக்காரர் கல்யாண அல்பத்துக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறார். தாலி கட்டும் படத்தில் அம்மா தெளிவாக இருக்கிறார். கையில் சாம்பார் கரண்டி. வைத்துவிட்டு வர நேரமில்லை, நினைவும் இல்லை. மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே அது பளபளவென்று தெரிகிறது.

கம்ப்யூட்டரில் கரண்டியை அழித்துவிடவா என்று கேட்டிருந்தார். கிருஷாந்தினி, அழிக்கச் சொல்லு அக்கா, என் கல்யாணப் படத்தில் கரண்டியா என்று போனில் கத்தினாள். அம்மா போனை என்னிடமிருந்து வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தார்.

"கரண்டி இருக்கட்டும்" என்றார். "அப்பத்தான் நான் ஓடி வந்தது தெரியும்."